சோலும் டிஸ்கோவும்: ஒரு வெறுப்பின் வரலாறு

பிராங் வில்சன் என்பார் அமெரிக்காவின் மோட்டவுண் இசைத்தட்டு நிறுவனத்திற் பணியாற்றிய பாடலாசிரியரும் தயாரிப்பாளருமாவார். 1965ஆம் ஆண்டில் அவர் தாமே பாடிய 'டூ ஐ லவ் யூ' என்னும் பாடல் இசைத்தட்டாக அச்சிடப்பட்டதாயினும் விற்பனைக்கு விடப்படவில்லை. பாடகராவதிலும் பார்க்கத் தயாரிப்பாளராக நிலைப்பதையே அவர் தெரிந்துகொண்டார் என்பர். முன்னோட்டமாக அச்சான பிரதிகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பத்தாண்டுகளுக்கு மேற் கழிந்தபின் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களிலே, சோல் இசைமீது பெரும் பற்றுக்கொண்ட இளைஞர் கூட்டமொன்று அத்தட்டினைக் கண்டெடுத்துத் தலைமேற்கொண்டது. 2009இல் அதன் ஒரு பிரதி 25,000 பவுணுக்கும் மேலாக ஏலம் போயிற்று.

இதே பிராங் வில்சன் 1972இல், லெனாட் காஸ்ற்றன் என்பாருடன் சேர்ந்து, எடி கென்றிக்ஸ் பாடிய 'கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஒவ் மைன்ட்' என்னும் பாடலைத் தயாரித்தார். ஏழு நிமிடங்களுக்கு மேல் நீள்வது. இடையிலே இசை ஒடுங்கி, மேளம் தனித்து நின்று, மீண்டும் படிப்படியாக எழுவது. நியூ யோர்க் நகரத்து நடனக்கூடங்கள் இதனை விரும்பி ஏற்றன. டிஸ்கோ என்பது ஓர் இசைவகையின் பெயராக ஊன்றுமுன்பே தோன்றிய முதல் டிஸ்கோப் பாடல்களுள் இதனையும் ஒன்றாக வைத்தெண்ணுவர் அவ்விசையின் வரலாற்றாசிரியர். ஆக, ஒரே மனிதரின் ஒரு படைப்பு சோல் அன்பருக்குத் திருப்பொருளாயிற்று; மற்றையது, அதே அன்பர் பலர் சோலின் எதிரியென வெறுத்த டிஸ்கோவுக்கு வித்தாயிற்று. இவ்விரு நிலைகளும் எங்ஙனம் ஒருங்கு நிகழ்ந்தன என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

வெறுப்பு எனும்போது முதலில் ஒன்றைப் பிரித்துவைத்தல் வேண்டும். டிஸ்கோ எதிர்ப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1979 ஜூலை 12ஆந் திகதி சிக்காகோ நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கிலே நடந்த சம்பவமாகும். ஸ்டீவ் டால் என்னும் வானொலி அறிவிப்பாளரின் தூண்டுதலால், இரு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசைத்தட்டுக்கள் பெட்டியொன்றில் இட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன; கூட்டம் மைதானத்தினுட் புகுந்தமையால் இரண்டாவது ஆட்டம் நடைபெறாதொழிந்தது. அன்று அரங்கிற் கடமையாற்றிய வின்ஸ் லோரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், கொண்டுவரப்பட்ட தட்டுக்களுட் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞரின் பிற இசைத்தட்டுக்களே என்பதைத் தாம் கண்டதாகப் பின்னாளிற் கூறியுள்ளார். றோக் இசை கேட்போரின் வெறுப்பு அது. அதனுள் நிறவெறுப்பும், தன்பாற் காதலர்மீதான வெறுப்பும் எவ்வளவு கலந்திருந்தன என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. சோல் அன்பரின் வெறுப்போ வேறு. கறுப்பின மக்களின் இசையை இகழ்ந்தோரிடம் அன்றி, அதனை உயிரினும் மேலாகப் போற்றியோரிடமே அது பிறந்தது. ஆதலால் அதனை விளங்கிக்கொள்ளுதலும் கடினம்.

'சோல்' என்பதற்கு ஆன்மா என்பது பொருள். தேவாலயப் பாடலின் வேகமும் உருக்கமும் 'றிதம் அன்ட் புளூஸ்' என்னும் உலகியல் இசையோடு கலந்து 1950களின் பிற்பகுதியிலே உருவாகிய வகை இது. றே சாள்ஸ், சாம் குக் ஆகியோரை இதன் முன்னோடிகளாகக் கொள்வர். 1960களில் டெற்றோயிற் நகரத்து மோட்டவுண், மெம்பிஸ் நகரத்து ஸ்டக்ஸ் ஆகிய நிறுவனங்கள் இதனை உலகறியச் செய்தன. அதே பத்தாண்டில் நடந்த குடியுரிமைப் போராட்டத்தோடு சோல் பிணைந்தமையால் அது வெறும் கேளிக்கையாக நில்லாது ஒரு மக்கட் கூட்டத்தின் தன்மானக் குரலாகவும் கொள்ளப்பட்டது. 'பில்போட்' சஞ்சிகை 'றிதம் அன்ட் புளூஸ்' என்ற தன் பட்டியலின் பெயரை 1969இல் 'சோல்' என மாற்றியமை இதற்குச் சான்று. இப்பெயர் 1982இல் மீண்டும் மாற்றப்பட்டது. அதற்குள் சோல் என்னும் சொல்லே பழமைப்பட்டுவிட்டது. இந்த இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் நேர்ந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்று வினவிய அன்பர், கண்முன் நின்ற டிஸ்கோவைச் சுட்டினர்.

ஆனால், டிஸ்கோவின் பிறப்பை நோக்குமிடத்து நாம் காண்பது சோலின் சொந்த வீட்டையே. கென்னெத் கம்பிள், லியோன் ஹவ் ஆகிய இருவரும் 1971இல் பிலடெல்பியா இன்ரநாஷனல் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்திலே, நிரந்தர வாத்தியக் குழுவொன்றுடன், வயலின்களும் ஊதுகருவிகளும் சூழப் பாடல்களைப் பதிவுசெய்தனர். 1973இல் ஹரோல்ட் மெல்வினின் குழுவினர்க்கென அவர்கள் ஆக்கிய 'த லவ் ஐ லொஸ்ற்' மெதுவான சோகப் பாடலாகவே தொடங்கப்பெற்றது. அதனை விரைந்த நடையிற் பதிந்தபோது மேளமிசைத்த ஏர்ல் யங் என்பார் காலால் மிதிக்கும் பெருமேளத்தை நான்கு தட்டுகளிலும் தவறாது ஒலித்து, ஹை-ஹற் எனப்படும் இரட்டைத் தாளத்தட்டைத் திறந்தும் மூடியும் சீறவைத்தார். பின்னர் உலகெங்கும் டிஸ்கோ என்று அறியப்பட்ட தாளம் இதுவே. மேலே பாடுகின்ற ரெடி பென்டகிராஸின் குரலோ தேவாலயத்துப் போதகரின் கனத்த குரல். பொருளோ காதலிழப்பு. இப்பாடலில் எந்த இடத்தில் சோல் முடிந்து டிஸ்கோ தொடங்குகின்றது என்று கோடு கிழிக்க முயல்பவர் தோல்வியே காண்பர். யானும் பன்முறை கேட்டுத் தோற்றவன்.

மோட்டவுணின் 1960களின் பாடல்களோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு சிறிதே. அக்காலத்து விரைந்த பாடல்கள் பலவற்றிலே ஸ்னெயார் எனப்படும் சிறுமேளம் நான்கு தட்டுகளிலும் அடிக்கப்பட்டது. ஃபோர் ரொப்ஸ் குழுவினரின் 1965ஆம் ஆண்டுப் பாடல்களைக் கேட்போர் இதனை உடனே உணர்வர். கையால் அடித்த நான்கு தட்டு ஏர்ல் யங்கிடம் காலுக்கு இறங்கிற்று, அவ்வளவே. எனவே 'ஒரே சீரான இயந்திரத் தாளம்' என்று டிஸ்கோமீது சாட்டப்பட்ட குற்றம் மோட்டவுணுக்கும் பொருந்துவதே. மோட்டவுணை நிறுவிய பெரி கோடி, தாம் முன்பு வேலை செய்த மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையையே தம் நிறுவனத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டதை மறைத்தவரல்லர். இயந்திரம் என்ற குற்றச்சாட்டு உண்மையிற் பொருந்துவது, 1977இல் மியூனிக் நகரிலே ஜோர்ஜியோ மொறோடரும் டொனா சமரும் ஆக்கிய 'ஐ ஃபீல் லவ்' போன்று மின்னணுக் கருவிகளாலேயே நெய்யப்பட்டவற்றுக்குத்தான். அதிலுங்கூடப் பாடிய குரல் தேவாலயத்திற் பழகிய குரலே.

இனி, வெறுப்பினுள்ளே நியாயமானதொரு பகுதி உண்டென்பதையும் மறுத்தலாகாது. கறுப்பின விமரிசகர் நெல்சன் ஜோர்ஜ் 1988இல் வெளியிட்ட 'த டெத் ஒவ் றிதம் அன்ட் புளூஸ்' என்னும் நூல் இத்தரப்பின் வலுவான வாதமாகும். கறுப்பின மக்களின் இசை அவர்தம் சிறு நிறுவனங்கள், வானொலி நிலையங்கள், விற்பனைக் கடைகள் என்பவற்றோடு சேர்ந்த ஒரு சமூகத்தில் வாழ்ந்தது. பெரு நிறுவனங்கள் அதனைக் கைக்கொண்டு, வெள்ளையர் சந்தைக்கு ஏற்ப உருமாற்றியபோது அச்சமூக அடித்தளம் சிதைந்தது. அவ்வுருமாற்றத்தின் ஒரு வடிவம் டிஸ்கோ. இதுவே அவர் வாதத்தின் சாரம். இதற்கான சான்றுகள் வெறுங் கற்பனையல்ல. கொலம்பியா நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஹாவாட் வணிகக் கல்லூரியினர் 1972இல் சோல் இசைச் சந்தை பற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தளித்தனர். பிலடெல்பியா இன்ரநாஷனல் தொடக்கம் முதலே அப்பெரு நிறுவனத்தின் விநியோகத்திலேயே தங்கியிருந்தது. ஸ்டக்ஸ் நிறுவனமும் 1972இல் அதனோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. 1975 டிசம்பரில் வங்குரோத்தாயிற்று.

எனினும் இந்த ஆண்டுகளை நிரைப்படுத்தி நோக்குதல் அவசியம். ஸ்டக்ஸ் வீழ்ந்தபோது டிஸ்கோ இன்னும் பெருவெள்ளமாகவில்லை. 'சற்றர்டே நைற் ஃபீவர்' திரைப்படம் வெளிவந்தது 1977 டிசம்பரில், சரியாக ஈராண்டுகளின் பின். டிஸ்கோ பாடகர் எவரும் ஸ்டக்ஸைக் கொல்லவில்லை. கடனும் விநியோகத் தகராறும் அதனைக் கொன்றன. அதன் முன்னணிப் பாடகராயிருந்த ஜோனி ரெய்லர் கொலம்பியாவுக்கு மாறி 1976இற் பாடிய 'டிஸ்கோ லேடி' பிளற்றினம் சான்று பெற்ற முதலாவது தனிப்பாடற்றட்டாயிற்று. வேடிக்கை யாதெனில், பெயரில் டிஸ்கோ இருப்பினும் அதன் நடை டிஸ்கோ நடையன்று. தளர்ந்து அசையும் பழைய தென்னாட்டுச் சோலே அது. பெயர்ப்பலகை மாறியதால் வணிகம் பெருகிற்று, பெயர்ப்பலகை மாறியதாலேயே அன்பர் சிலர் முகஞ்சுளித்தனர்.

1978, 1979ஆம் ஆண்டுகளில் நிலைமை வேறு. டிஸ்கோவைத் தவிர வேறெதுவும் விலைபோகாதென்று நம்பிய நிறுவனங்கள் தம் கலைஞர் அனைவரையும் அதன்பால் உந்தின. ஜேம்ஸ் பிறவுண் 1979இல் 'த ஒறிஜினல் டிஸ்கோ மான்' என்ற தொகுப்பினை வெளியிட்டார். அறெதா பிராங்கிளின் அவ்வாண்டு வெளியிட்ட 'லா டிவா' எவருக்கும் மனநிறைவு தராது விற்பனையிலும் வீழ்ந்தது. சோல் அன்பர் தம் அரசியாகக் கொண்டாடிய ஒருவர் தமக்குப் பொருந்தா ஆடையில் நிற்கக் கண்டு கொதித்தமை இயல்பே. அவ்விசைத்தட்டைக் கேட்டோர் அக்கொதிப்பினைக் குறைகூற மாட்டார். ஜோர்ஜ் கிளின்டன் தம் பார்லிமென்ற் குழுவினரின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பிலே 'பிளசீபோ நோய்' என ஒன்றைக் கற்பித்துச் சாடியது டிஸ்கோவையே என்று பலரும் கொள்வர். உயிர்ச்சத்து இல்லாத, மருந்துபோலத் தோன்றும் போலி என்பது அதன் குறிப்பு.

ஆயினும் 'பொருந்தா ஆடை' என்ற உவமை எல்லோருக்கும் செல்லாது. கண்டி ஸ்ரேற்றன் சிறுமியாகத் தேவாலயப் பாடற்குழுவிற் பாடியவர். பின்னர் அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் நகரிலே தென்னாட்டுச் சோல் பாடிப் புகழடைந்தவர். 1976இல் அவர் பாடிய 'யங் ஹாட்ஸ் றன் ஃபிறீ' டிஸ்கோ நடையிலமைந்தது. துன்பந்தரும் மணவாழ்விற் சிக்கிய ஒரு பெண் இளையோருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. அவர்தம் சொந்த வாழ்வின் துயரே அதற்கு ஊற்றாயிற்று. லொலீற்றா ஹொலவேயும் 'கறவன்ஸ்' என்னும் தேவகானக் குழுவிலிருந்து வந்தவர். சோல் பாடியபோது கிடையாத பெருங் கூட்டம் சால்சோல் நிறுவனத்தின் டிஸ்கோத் தட்டுக்களின் வழியே அவருக்குக் கிடைத்தது. அவரது 1980ஆம் ஆண்டு 'லவ் சென்சேஷன்' பாடலில் ஒலிக்கும் முழக்கம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய முழக்கமே. டிஸ்கோவிற் பாடகர் பொம்மை, தயாரிப்பாளரே அரசர் என்ற குற்றச்சாட்டினைக் கூறுவோர் இவ்விரு பெண்களையும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இதுவரை பேசியது அமெரிக்கா பற்றியது. அங்கு சோல் அன்பரின் மனத்தாங்கல் ஒரு சமூகம் தன் உடைமையை இழந்ததிலிருந்து எழுந்தது. இங்கிலாந்திலோ அவ்விசை அன்பரின் உடைமையே அன்று. ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளோர் பாடியதை வெள்ளையினத் தொழிலாளர் பிள்ளைகள் காதலித்தனர். அங்கே வெறுப்பு இன்னும் விசித்திரமான வடிவெடுத்தது.

மன்செஸ்ரர், விகன், பிளக்பூல் போன்ற வடபுல நகரங்களின் இளைஞர் விரும்பியது 1960களின் விரைந்த சோல் பாடல்களையே, அதிலும் அமெரிக்காவில் விலைபோகாது ஒதுக்கப்பட்டவற்றையே. டேவ் கொடின் என்னும் எழுத்தாளர் இவ்விரசனைக்கு 'நோதேண் சோல்' எனப் பெயரிட்டார். 1973 செப்டெம்பர் 23ஆந் திகதி தொடங்கிய விகன் கசினோவின் இராமுழுதும் நடக்கும் நடனங்களுக்கு நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் இளைஞர் வந்தனர். சுழன்றாடுதற்கு வசதியாகத் தரையிலே முகமாவைத் தூவி விடியும்வரை ஆடினர். யாரும் கேட்டிராத பழைய தட்டொன்றைத் தேடிப் பிடித்தலே, டி. ஜே. என வழங்கும் இசைத்தட்டு ஒலிப்போரின் பெருமை. ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1965இன் பாடல்கள் இனிப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. சுரங்கம் வற்றியே தீரும்.

இதனை உணர்ந்தோர் பிளக்பூல் மெக்காவின் டி. ஜே.களான இயன் லெவினும் கொலின் கேர்ட்டிஸும். லெவின் அமெரிக்கா சென்று ஆயிரக்கணக்கான தட்டுக்களை வாங்கிவந்தவர். மியாமியில் இருந்தபோது வானொலியிற் கேட்ட கார்ஸ்ரெயர்ஸ் குழுவினரின் 1973ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று அவரைப் பிணித்தது. அன்று புதிதாக வெளிவந்த தட்டு அது. 1960களின் சோலும் அல்ல, முழு டிஸ்கோவும் அல்ல. அதனையும் அதுபோன்ற புதியவற்றையும் அவர் மெக்காவில் ஒலிக்கச் செய்தார். கறுப்பின இசை எங்கு செல்கின்றதோ அங்கு நாமும் செல்வோம் என்பதே அவர் நிலைப்பாடு. விகன் தரப்பினர் இதனைத் துரோகமெனக் கருதினர். 'லெவின் வெளியேற வேண்டும்' என்ற வாசகம் பொறித்த சின்னங்களை அணிந்து திரிந்தனர். நடனத்துக்காக ஒன்றுகூடிய ஒரு சிறு கூட்டம், மதப்பிரிவுகள்போல இரண்டாகப் பிளந்தது.

விகன் தரப்பினரின் தூய்மை வாதம் அவர்களின் சொந்த மண்டபத்தையே காக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். வேகமே உரைகல்லாக, குரலும் கருத்தும் பின்தள்ளப்பட்டபோது, சோலோடு எத்தொடர்புமற்ற வெள்ளையரின் ஜனரஞ்சகத் தட்டுக்களும் அங்கு இடம்பெற்றன. 1975இல் 'விகன்ஸ் சோசன் ஃபியூ' என்ற பெயரில் 'ஃபூற்சீ' என்னும் வாத்தியத் துணுக்கொன்று பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதற் பத்தினுள்ளே ஏறிற்று. ஏர்ல் யங்கின் மேளத்தை வணிகச்சரக்கென இகழ்ந்த மண்டபம் தன் பெயரையே வணிகச்சரக்குக்கு ஈந்தது. இன்னுமொன்று: 'த ஹசில்' என்னும் 1975ஆம் ஆண்டு டிஸ்கோ வெற்றிப்பாடலை ஆக்கிய வான் மக்கோய் வேறு யாருமல்லர், 1960களில் பார்பறா லூயிஸ் முதலியோருக்குப் பாடல் எழுதியவர், நோதேண் சோல் அன்பர் போற்றும் பழைய தட்டுக்கள் பலவற்றிற் பெயர் பொறிக்கப்பட்டவர். பத்தாண்டு முன்பு அவர் எழுதியதைத் தேடி அலைந்தவர்கள் அவர் இன்று எழுதுவதைக் கேட்கச் செவி கொடுக்கவில்லை.

பேசாது விடப்பட்ட ஒரு காரணமும் உண்டு. டிஸ்கோவை முதலில் வளர்த்தெடுத்த நியூ யோர்க் நடனக்கூடங்களிலே கறுப்பினத்தவர், போட்டோ றிக்கோவினர், பெண்கள் ஆகியோருடன் தன்பாற் காதலரான ஆடவர் பெருந்தொகையினராயிருந்தனர். தேவாலயத்தில் வளர்ந்த சில்வெஸ்ரர் 1978இல் உச்சக்குரலிற் பாடிய 'யூ மேக் மீ ஃபீல்' அக்கூட்டத்தின் கீதமாயிற்று. சோலின் வரைவிலக்கணம் 'உண்மையான ஆண்மகனின் வியர்வை' என்பதாக அன்பர் பலரின் உள்ளத்திற் பதிந்திருந்தமையால், இக்குரல்கள் 'போலி' எனப்பட்டன. லெவினும் தன்பாற் காதலர் என்பதை மறைத்தவரல்லர். 1979இல் இலண்டனிலே திறக்கப்பட்ட 'ஹெவின்' என்னும் தன்பாற் காதலர் நடனக்கூடத்தின் முதல் டி. ஜே. அவரே. அவருக்கெதிரான சின்னங்களுட் பேசப்பட்டது இசை மட்டுந்தானா என்ற ஐயம் எழுவதைத் தவிர்க்கவியலாது.

நம் நாட்டவர் இவ்வழக்கிற் சேராதவர். நம் பெற்றோர் தலைமுறையினர் பலர் டிஸ்கோ என அறிந்தது ஐரோப்பாவில் ஆக்கப்பட்ட போனி எம் குழுவினரின் பாடல்களையே. பிலடெல்பியாவின் பெயர் அவர் செவிக்கு எட்டவில்லை. தாயை அறியாது பிள்ளையை மட்டும் கண்டமையால் நமக்குத் தாய் பிள்ளைச் சண்டையும் புலப்படவில்லை.

மெக்காவின் நடனங்கள் 1970களின் இறுதியில் ஓய்ந்தன. விகன் கசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டது. லெவின் தாமே தயாரிப்பாளராகி, தாம் முன்பு சோல் பாடவைத்த எவ்லின் தோமஸைக் கொண்டு 1984இல் 'ஹை எனேர்ஜி' பாடலை வெளியிட்டார். கார்ஸ்ரெயர்ஸின் தட்டு நோதேண் சோல் கூட்டங்களில் இன்று பழம்பெரும் தட்டுக்களுள் ஒன்றாக, எவ்வித எதிர்ப்புமின்றி ஒலிக்கின்றது.

பிராங் வில்சன் 1976இல் மோட்டவுணை நீங்கிக் கிறித்தவ ஊழியத்திற் புகுந்தார், 2012இல் மறைந்தார். அவர் பாடிய தட்டு 1970களின் பிற்பகுதியில் விகன் கசினோவை அடைந்தபோது, போட்டியாளர் அதனைக் கண்டுபிடியாதிருக்கும்பொருட்டு, டி. ஜே.களின் வழக்கப்படி அதன் பெயர்ச்சீட்டு மறைக்கப்பட்டது. பாடியவர் எடி ஃபொஸ்ரர் எனக் கூறப்பட்டது. டிஸ்கோவை வெறுத்த அந்த மண்டபத்தினர், எடி கென்றிக்ஸின் பாடலைத் தயாரித்தவரின் குரலுக்கே தாம் ஆடுகின்றோம் என்பதை அறியாது விடியும்வரை ஆடினர்.